ஈயக்குண்டும் பேதி மருந்தும்

தமிழில் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் வாயில் தானாக வந்து விழும் ஆங்கில ஜோடிகளில் ஒன்று 'டிராஸ்டிக் சேஞ்ச்'. எடை குறைத்துவிட்டு வந்து நிற்கும் நண்பரைப் பார்த்தால் டிராஸ்டிக் சேஞ்ச். ரொம்ப நாள் கழித்து ஊருக்குப் போனால் பஸ் ஸ்டாண்டே அடையாளம் தெரியவில்லை, டிராஸ்டிக் சேஞ்ச். கணக்கில் நாற்பது வாங்கிக்கொண்டிருந்த பையன் எழுபது வாங்கிவிட்டான், அதற்கும் டிராஸ்டிக் சேஞ்ச்தான். இந்தக் கடைசி இடத்தில் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதப்போகிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. ஆகவே இதைத் தொழிலோடு வந்த வியாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிராஸ்டிக் என்ற சொல்லின் பூர்வீகம் மருந்துக்கடை. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது கடுமையாக வேலை செய்யும் மருந்தைக் குறித்தது, குறிப்பாகப் பேதி மருந்தை. பழைய மருந்தியல் நூல்கள் பேதி மருந்துகளை வீரியத்தின்படி பிரித்து, மிகக் கடுமையான வகைக்கு 'டிராஸ்டிக்' என்றே பெயர் வைத்தன. அந்த வகைக்கு அவை காட்டும் உதாரணங்களில் ஒன்று நமக்குத் தெரிந்த நேர்வாளம். சுத்தி செய்யாமல் தொடவே கூடாது என்று சித்த வைத்தியர்கள் எச்சரிக்கும் அதே கொட்டைதான். அதன் எண்ணெயில் ஓரிரு சொட்டு உள்ளே போனாலே ஆள் படுத்துவிடுவார்.

அப்புறம் சொல் மருந்துக்கடையை விட்டு வெளியே வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கசப்பு முழுக்கப் போகவில்லை. இன்றைக்கும் டிராஸ்டிக் அதிகமாக ஒட்டிக்கொள்வது 'மெஷர்ஸ்', 'ஆக்‌ஷன்', 'கட்ஸ்', 'ரிடக்‌ஷன்' போன்ற சொற்களோடுதான். யாரோ ஒருவர் வேறு வழியில்லாமல் எடுக்கும் கடுமையான முடிவு என்ற வாடை அதில் இருக்கிறது. நிர்வாகம் ஆட்குறைப்பு செய்தால் டிராஸ்டிக். அணையில் தண்ணீர் இல்லை என்று பாசனத்தைப் பாதியாகக் குறைத்தால் டிராஸ்டிக். பையன் எழுபது வாங்கியதற்கு ஆங்கிலேயர் இயல்பாகச் சொல்வது 'டிரமாட்டிக் இம்ப்ரூவ்மென்ட்'. வேடிக்கை என்னவென்றால் டிராஸ்டிக், டிராமா இரண்டுமே 'செய்தல்' என்ற பொருளுள்ள ஒரே கிரேக்க வினைச்சொல்லின் பிள்ளைகள். ஒன்று மேடைக்குப் போயிற்று, மற்றொன்று மருந்துக்கடைக்கு.

'டிராஸ்டிக் இம்ப்ரூவ்மென்ட்' என்று எழுதினால் இலக்கணப் பிழையா? இல்லை. அப்படி எழுதும் ஆங்கிலேயர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு சொல் வழக்கமாக யாரோடு சேர்ந்து வருகிறதோ அவர்களுடைய குணம் அதற்கும் வந்துவிடுகிறது. இப்படிச் சேர்ந்து வரும் வழக்கத்துக்கு மொழியியலில் கொலோகேஷன் என்று பெயர். இதைப் பெரிதாகப் பேசியவர் ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கிலேயர். ஒரு சொல்லை அது வைத்திருக்கும் சகவாசத்தைக் கொண்டு அறியலாம் என்று 1957இல் அவர் எழுதிய வாக்கியத்தை மேற்கோள் காட்டாத பாடப்புத்தகம் அரிது. அவருக்கும் நமக்கும் ஒரு சின்ன உறவு உண்டு. முதல் உலகப் போர் முடிந்த கையோடு லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக வேலை பார்த்தவர் அவர். பிறகு 1934இல், ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலின் மறுபதிப்புக்காகத் தமிழ் உச்சரிப்பைப் பற்றி ஒரு சுருக்கமான கட்டுரையும் எழுதிக்கொடுத்தார். நம் ழகரத்தோடு மல்லுக்கட்டியவர் என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம்.

அவருக்குப் பின்வந்த ஹாலிடே ஓர் எளிய உதாரணம் சொன்னார். டீ 'ஸ்ட்ராங்' ஆக இருக்கலாம், 'பவர்ஃபுல்' ஆக இருக்க முடியாது. கார் பவர்ஃபுல்லாக இருக்கலாம், அதை ஸ்ட்ராங் என்றால் அர்த்தமே வேறு. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. அப்படித்தான் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, என் வகுப்புக்கு வருகிறேன். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வின் எழுத்துப் பகுதியில் முதல் கேள்வியாகப் பெரும்பாலும் ஒரு வரைபடமோ அட்டவணையோ கொடுப்பார்கள். அதைப் பார்த்து இருபது நிமிடத்தில் குறைந்தது 150 சொற்களில் விவரிக்க வேண்டும். கோடு ஏறும், இறங்கும், நேராகப் போகும். பிள்ளைகள் இதற்கென்று ஒரு பட்டியலை எங்கிருந்தாவது இறக்கி மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். பட்டியலில் இருப்பதெல்லாம் புயலும் பூகம்பமும். 'ப்ளம்மெட்', 'ஸ்கைராக்கெட்', 'டிரமாட்டிக்கலி', 'டிராஸ்டிக்கலி', 'டிரெமெண்டஸ்லி'. ஒரு நாட்டில் டீ குடிப்பவர்கள் 52 சதவீதத்திலிருந்து 48 ஆகியிருப்பார்கள். இவர்கள் எழுதுவது 'ப்ளம்மெட்டட் டிரமாட்டிக்கலி'. பாவம், அங்கே நாலு பேர் காபிக்கு மாறியிருக்கிறார்கள், அவ்வளவே.

ப்ளம்மெட் என்ற சொல்லை நான் எப்போதும் தூக்குக்குண்டைக் காட்டித்தான் விளக்குவேன். கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடும் குண்டு இருக்கிறதே, அதன் பெயர்தான் ப்ளம்மெட். லத்தீனில் ஈயத்துக்குப் பெயர் 'ப்ளம்பம்'. ஈயக்குழாய் வேலை பார்த்தவர் பிளம்பர் ஆனார், ஈயக்குண்டு ப்ளம்மெட் ஆயிற்று. கடலின் ஆழம் பார்க்க மாலுமிகள் கயிற்றில் கட்டி இறக்கிய ஈயத்திலிருந்துதான் 'ப்ளஞ்ச்' என்ற வினைச்சொல்லும் வந்தது என்கிறார்கள். ஈயக்குண்டைக் கைவிட்டால் அது எப்படி விழும்? நேராக, வேகமாக, நடுவில் எங்கும் நிற்காமல். 'திடீர்' என்பதும் 'கடுமை' என்பதும் அந்த வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. அதன் பின்னால் டிரமாட்டிக்கலி சேர்ப்பது வீண் சுமை. 'ப்ளம்மெட்டட் ஸ்லைட்லி' என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஈயக்குண்டு லேசாக விழுந்ததாம்!

ஆங்கிலம் இங்கே இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, 'ஃபால்', 'ரைஸ்', 'டிராப்', 'டிக்லைன்' மாதிரி சாதுவான சொல்லை எடுத்துக்கொண்டு அதற்கு முன்னாலோ பின்னாலோ அளவைச் சொல்லும் சொல்லைப் போடுவது: 'ஷார்ப் ஃபால்', 'ஸ்டீப் டிக்லைன்', 'ரோஸ் ஷார்ப்லி'. இன்னொன்று, எல்லாவற்றையும் தனக்குள் அடக்கிய வினைச்சொல்லை எடுத்துத் தனியாக விடுவது. இரண்டையும் கலந்தால் எழுத்து கத்த ஆரம்பித்துவிடும். என் சிபாரிசு முதல் வழிதான். இரண்டாவதற்கு நிஜமாகவே ஒரு ஈயக்குண்டு விழுந்திருக்க வேண்டும்.

ஷார்ப், ஸ்டீப் இரண்டும் வரைபடத்துக்கென்றே செய்த மாதிரி இருக்கும். ஸ்டீப் என்பது மலைப்பாதையின் செங்குத்து, ஷார்ப் என்பது கோடு சட்டென்று ஒடியும் இடம். ஆங்கிலேயர் காதில் இவை ஏற்ற இறக்கத்தோடு மட்டும்தான் இப்படி நன்றாகப் பொருந்துகின்றன. பொதுவாக 'சேஞ்ச்' என்று வந்துவிட்டால் ஸ்டீப் ஒட்டாது. ஒரு மாற்றத்துக்கு எந்தப் பக்கம் சரிவு என்று சொல்ல முடியாதே. அங்கே 'ரேடிக்கல்', 'ஸ்வீப்பிங்', 'ஃபண்டமெண்டல்' வந்து உட்காரும். ரேடிக்கல் என்றால் வேரோடு தொடர்புள்ளது, நாம் 'அடியோடு மாறிவிட்டது' என்போமே, கிட்டத்தட்ட அது. ஸ்வீப்பிங் பெரும்பாலும் அரசாங்கச் சொல்: 'ஸ்வீப்பிங் ரிஃபார்ம்ஸ்'. துடைப்பம் எடுத்தவர் ஒருவர் பின்னால் இருக்க வேண்டும்.

பலரும் இடறும் இடம் 'சிவியர்'. கடுமையான என்றால் சிவியர், மாற்றம் என்றால் சேஞ்ச், ஆகவே 'சிவியர் சேஞ்ச்' என்று நேராகப் போட்டுவிடுவார்கள். பிழை என்று அடிக்க முடியாது, ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சிவியர் பெரும்பாலும் துன்பத்தோடுதான் சகவாசம் வைத்துக்கொள்கிறது: வறட்சி, வலி, சேதம், தட்டுப்பாடு, தண்டனை. அதோடு சிவியர் எவ்வளவு என்று சொல்லுமே தவிர எவ்வளவு வேகம் என்று சொல்லாது. வேகத்தைச் சொல்ல வேறு ஆள் வேண்டும். இந்த வேறுபாட்டை மருத்துவர்கள் மாதிரி கறாராக வைத்திருப்பவர்கள் இல்லை. 2003இல் உலகத்தைப் பயமுறுத்திய சார்ஸ் நோயின் முழுப்பெயரில் முதல் சொல் 'சிவியர்', இரண்டாவது சொல் 'அக்யூட்'. கடுமையானது என்று ஒரு சொல், திடீரென்று வந்து பிடிப்பது என்று ஒரு சொல். இரண்டும் ஒன்றாக இருந்திருந்தால் ஒன்றை வெட்டியிருப்பார்கள்.

இதே அக்யூட் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து 'ஷார்ட்டேஜ்' பக்கத்தில் உட்கார்ந்தால் குணம் மாறிவிடும். 'அக்யூட் ஷார்ட்டேஜ்' என்றால் கடும் தட்டுப்பாடு. அது நேற்று வந்ததா, மூன்று வருடமாக இருக்கிறதா என்பது பற்றி அந்தச் சொல்லுக்கு அக்கறை இல்லை. சகவாச தோஷம் என்பது இதுதான்.

'சடன்', 'அப்ரப்ட்' இரண்டையும் ஒன்று என்று சொல்லிக்கொடுக்கும் கையேடுகள் நிறைய இருக்கின்றன. பாதி உண்மை. அப்ரப்ட் என்பதன் வேர் 'முறிந்தது'. ஓடிக்கொண்டிருந்த ஒன்று பட்டென்று நிற்கும்போது அது பொருத்தம்: 'அப்ரப்ட் எண்ட்', 'அப்ரப்ட் ஹால்ட்'. 2020 மார்ச் 22 அன்று பயணிகள் ரயில்களை மாத முடிவு வரை நிறுத்துவதாக இந்திய ரயில்வே அறிவித்ததே, அது அப்ரப்ட் ஹால்ட். மழை, காய்ச்சல், மரணம் இவையெல்லாம் சடன். அப்புறம் 'ஓவர்நைட்' என்று ஒரு சொல், ராத்திரியோடு ராத்திரியாக. பெரும்பாலும் மிகைதான், ஓவர்நைட் சக்ஸஸ் என்று புகழப்படுகிறவர்கள் பத்து வருடம் உழைத்திருப்பார்கள். ஆனால் 2016 நவம்பர் 8 அன்று இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு வந்து, நள்ளிரவோடு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் அது சுமார் 86 சதவீதம். அந்த ஓர் இடத்தில் ஓவர்நைட் என்று எழுதுவது அப்பட்டமான உண்மை.

இனி பங்குச்சந்தை. இந்தச் சொற்களையெல்லாம் கடைசிச் சொட்டு வரை பிழிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். 1987 அக்டோபர் 19, திங்கட்கிழமை, அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 508 புள்ளிகள் இழந்தது. அன்றைய கணக்கில் 22.6 சதவீதம். அதற்கு 'க்ராஷ்' என்று பெயர் வைத்தார்கள், யாரும் மறுக்கவில்லை. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 3,900 புள்ளிகளுக்கு மேல் இழந்தது, 13 சதவீதத்தைத் தாண்டியது. காலையில் பத்து சதவீதம் தொட்டவுடனே வர்த்தகத்தையே 45 நிமிடம் நிறுத்திவைத்தார்கள். அதையும் க்ராஷ் என்று சொல்லலாம். ஆனால் சென்செக்ஸ் 80,000இல் இருக்கும் ஒரு நாளில் 500 புள்ளி இறங்கினால்? முழுதாக ஒரு சதவீதம்கூட இல்லை, 0.6 சொச்சம். அன்றைக்கும் செய்தியில் 'சென்செக்ஸ் க்ராஷ்' என்றுதான் வரும். 508க்கும் 500க்கும் எட்டுதான் வித்தியாசம் என்பது ஒருவேளை அவர்கள் நியாயமாக இருக்கலாம்.

சந்தைக்காரர்கள் எதிர்ப்பக்கமும் போவார்கள். உச்சத்திலிருந்து பத்து சதவீதம் இறங்கினால் அதற்குப் பெயர் 'கரெக்‌ஷன்', அதாவது திருத்தம். நம் பணத்தில் பத்தில் ஒரு பங்கு போனதைப் பரீட்சைத் தாள் திருத்துவது போல எவ்வளவு நாசூக்காகச் சொல்கிறார்கள் பாருங்கள். இருபது சதவீதத்துக்குக் கரடி வந்துவிடும், அதாவது 'பேர் மார்க்கெட்'. க்ராஷுக்கு மட்டும் எல்லைக்கோடு எதுவும் கிடையாது. அதனால்தான் எல்லோரும் அதையே எடுத்துக்கொள்கிறார்கள்.

நிஜமாகவே நம்ப முடியாத ஒன்று நடக்கும்போது இந்த அலங்காரம் எதுவும் தேவைப்படுவதில்லை. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயை எடுத்துக்கொண்டு போக நாமே பணமும் தருகிறோம் என்கிற நிலை. சேமித்துவைக்க இடம் இல்லை, வாங்க ஆள் இல்லை. 'விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது' என்ற சாதாரண வாக்கியமே போதும். அதில் டிரமாட்டிக்கலி சேர்த்தால் எடை குறையும்.

வேகம் என்பதும் யார் கடிகாரத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்ததுதான். தட்பவெப்ப ஆராய்ச்சியாளர்கள் 'அப்ரப்ட் கிளைமேட் சேஞ்ச்' என்று எழுதுகிறார்கள். அவர்கள் சொல்லும் அப்ரப்ட் சில பத்தாண்டுகள். சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் கிரீன்லாந்தில் சில பத்தாண்டுகளுக்குள் வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறியதைப் பனிக்கட்டிப் படிவங்களில் கண்டுபிடித்தார்கள். பூமியின் கணக்கில் அது கண் இமைக்கும் நேரம். இந்தியக் கழுகுகள் விஷயத்திலும் இப்படித்தான். பிணந்தின்னிக் கழுகுகளில் வெண்முதுகுக் கழுகு 1990களின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் வலிநிவாரணி, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கொன்றது. 2006இல் கால்நடைகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று தடை வந்தது. உயிரியலாளர்கள் இதை 'பாப்புலேஷன் க்ராஷ்' என்றும் 'கெட்டஸ்ட்ராஃபிக் டிக்லைன்' என்றும் எழுதினார்கள். பதினைந்து வருடம் எப்படித் திடீர் ஆகும் என்று கேட்கலாம். லட்சக்கணக்கில் இருந்த ஓர் இனத்துக்கு அது திடீர்தான். இன்றைக்குத் தமிழ்நாட்டில் அவற்றைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டும். சந்தைக்காரர்களின் க்ராஷுக்கு இல்லாத தகுதி இந்த க்ராஷுக்கு இருக்கிறது.

வானிலையாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்லுக்கு எண்ணே வைத்துவிட்டார்கள். புயலின் காற்று வேகம் 24 மணி நேரத்தில் 30 நாட் (மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர்) கூடினால்தான் 'ரேப்பிட் இன்டென்சிஃபிகேஷன்'. அதற்குக் கீழே என்றால் ரேப்பிட் கிடையாது. 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகாபுல்கோவைத் தாக்கிய ஓட்டிஸ், அந்த எல்லையைப் போல மூன்று மடங்குக்கு மேல் போயிற்று. முந்தின நாள் காலை சாதாரண வெப்பமண்டலப் புயல், மறுநாள் விடிவதற்குள் ஐந்தாம் வகைச் சூறாவளியாகக் கரையைக் கடந்தது. கன்னியாகுமரிக்காரர்களிடம் இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. 2017 நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே ஒக்கி புயல். அதற்குள் படகுகள் ஆழ்கடலில் இருந்தன.

இதற்கெல்லாம் மாறாக, படம் ஒன்றும் பொருள் வேறுமாக ஓடும் ஜோடிகளும் ஆங்கிலத்தில் உண்டு. 'குவாண்டம் லீப்' என்றால் பிரம்மாண்டமான பாய்ச்சல். இயற்பியலில் அது அணுவுக்குள் நடக்கும் துளியூண்டு தாவல். 'டெக்டானிக் ஷிஃப்ட்' என்று அரசியல் கட்டுரைகளில் ஓயாமல் வருகிறது. கண்டத்தட்டுகள் நகர்வதோ வருடத்துக்குச் சில சென்டிமீட்டர். 'ஸீ சேஞ்ச்' ஷேக்ஸ்பியர் கொடுத்தது, கடலடியில் மூழ்கிய உடல் மெல்ல மெல்லப் பவளமும் முத்துமாக மாறுவதைச் சொல்லும் பாட்டிலிருந்து. இப்போது கம்பெனி அறிக்கைகளில் அடிபட்டுக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் தப்பு என்று சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. நம் தினசரிகள் மட்டும் என்ன? தங்கம் விலை ஏறினால் 'கிடுகிடு உயர்வு' என்கிறோம். மலையோரத்தில் எட்டிப் பார்த்தால் 'கிடுகிடு பள்ளம்' என்கிறோம். கிடுகிடு என்பது முதலில் நடுக்கம். உயர்வோ பள்ளமோ, நமக்கு உடம்பு நடுங்கினால் சரி.

வகுப்பில் இப்போதெல்லாம் நான் அந்தப் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு, வரைபடத்தில் ஒரு கோட்டைக் காட்டி, எவ்வளவு வருடத்தில் எவ்வளவு சதவீதம் என்று மட்டும் முதலில் தமிழிலேயே சொல்லச் சொல்கிறேன். இருபது வருடத்தில் முப்பது சதவீதம் என்றால் அது 'ஸ்டெடி'. அதே முப்பது இரண்டு வருடத்தில் என்றால் 'ஷார்ப்'. அதற்குப் பிறகு கொலோகேஷன் அகராதியில் பெயர்ச்சொல்லைத் திறந்து, அதன் கீழே என்னென்ன பெயரடைகள் இருக்கின்றன என்று பார்க்கலாம். முதலில் பெயர்ச்சொல், அப்புறம்தான் அடைமொழி. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டவர்கள் தேறிவிடுகிறார்கள். மற்றபடி தேர்வில் வரும் பெரும்பாலான கோடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக லேசாக ஏறி இறங்கிவிட்டுக் கடைசி ஐந்து வருடம் சும்மா படுத்துக்கிடக்கும். 'ரிமெய்ண்ட் ஸ்டேபிள்' என்று எழுதச் சொன்னால் பிள்ளைகள் முகத்தில் ஏமாற்றம் தெரிகிறது. இவ்வளவு மனப்பாடம் செய்தோமே சார், ஒரு ஸ்கைராக்கெட்கூட வைக்கக்கூடாதா என்று கேட்கிறார்கள்.